சந்தைச் சிந்தனை பள்ளிக்கூடத்தையும் அரசு உதவியையும் எப்படி மாற்றுகிறது?

கேட்கப்பட்ட கேள்வி மூன்று துண்டாக இருக்கிறது. சந்தையை நம்பும் அரசியல் கருத்துகள் கல்வியிலும் சமூக நலத்திலும் உண்மையில் எதை மாற்றுகின்றன? எல்லாம் கடைசியில் தனியார்மயம்தானா? ஒருமுறை மாறியதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

நடுத்துண்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் விவாதம் பெரும்பாலும் அங்கேதான் தடம் புரள்கிறது. தனியார்மயம் இதில் ஒரு பகுதி மட்டுமே. சந்தைச் சீர்திருத்தம் நடந்த பெரும்பாலான நாடுகளில் பள்ளிக்கும் உதவித்தொகைக்கும் பணம் கொடுப்பது இன்றும் அரசுதான். பல இடங்களில் அந்தச் செலவு கூடியும் இருக்கிறது. மாறியது, அந்தப் பணம் எந்த வழியில் போகிறது, போகும் வழியில் யார் யாரை நம்புகிறார்கள், யார் யாரைக் கண்காணிக்கிறார்கள் என்பது. கட்டடம் யார் பெயரில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த மாற்றம் கண்ணிலேயே படாது.

நியூசிலாந்தில் பள்ளியிலும் உதவித்தொகையிலும் இது 1991 என்ற ஒரே ஆண்டில், ஒரே அரசின் கையில் நடந்தது. அதற்கு முன்பே, 1989-ல் தொழிற்கட்சி அரசு பள்ளி நிர்வாகத்தைக் கல்வித் துறையிடமிருந்து எடுத்து, ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் குழுவிடம் கொடுத்தது. 1990 தேர்தலில் ஆட்சி மாறியது. 1991-ல் தேசியக் கட்சி அரசு, எந்தப் பகுதிப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகலாம் என்ற எல்லைக் கோடுகளை அழித்தது. எங்கே குடியிருந்தாலும் பிடித்த பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம் என்றது. அதே 1991 ஏப்ரலில் வேலையில்லாதவர்களுக்கும் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கும் கொடுத்துவந்த உதவித்தொகையை வெட்டியது. 1946 முதல் வருமானம் பார்க்காமல் எல்லாக் குடும்பங்களுக்கும் கிடைத்துவந்த குழந்தைப் படியையும் நிறுத்தியது. உதவித்தொகைக்கும் கூலிக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால்தான் மக்கள் வேலைக்குப் போவார்கள் என்பது நிதியமைச்சர் ரூத் ரிச்சர்ட்சனின் அரசு சொன்ன காரணம்.

கணவர் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாயை இந்த இரண்டு சட்டங்களுக்கு நடுவில் நிறுத்திப் பாருங்கள். பள்ளி வாசலில் அரசு அவரிடம் சொல்வது: உங்கள் பிள்ளைக்கு எது நல்லது என்று எந்த அதிகாரியையும்விட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும், நீங்களே தேர்ந்தெடுங்கள். உதவித்தொகை அலுவலகத்தில் அதே அரசு சொல்வது: உங்கள் கையில் பணம் கொடுத்தால் நீங்கள் உழைக்க மாட்டீர்கள், அதனால் குறைத்துத்தான் தருவோம். ஒரே ஆள்தான். ஓரிடத்தில் விவரம் தெரிந்த வாடிக்கையாளர், இன்னோரிடத்தில் சந்தேகத்துக்குரியவர். கடந்த நாற்பது ஆண்டுகளில் சந்தை அரசியல் செய்த மாற்றம் என்ன என்று என்னிடம் கேட்டால், நான் முதலில் சொல்வது இந்தப் பிளவைத்தான்.

இந்தப் பிளவு சந்தைக் கோட்பாட்டின் உள்ளேயே இருந்ததா என்றால், இல்லை. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அரசு பள்ளிக்குத் தரும் பணத்தைப் பெற்றோர் கையில் சீட்டாகக் கொடுத்து, பிடித்த பள்ளியில் செலுத்தச் சொல்லும் பள்ளி வவுச்சர் யோசனையை 1955-ல் முன்வைத்த அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன்தான், 1962-ல் ஏழைகளுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கும் எதிர்மறை வருமான வரியையும் முன்வைத்தார். வருமானம் ஒரு அளவுக்குக் கீழே போனால் வரி கட்டுவதற்குப் பதில் அரசிடமிருந்து பணம் வரும். எதற்குச் செலவழித்தாய் என்ற விசாரணை கிடையாது. இரண்டு யோசனைகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: அதிகாரியை நம்பாதே, ஆளை நம்பு. நான் ஃப்ரீட்மனோடு நிறைய இடங்களில் ஒத்துப்போகாதவன். ஆனால் அவரிடம் அந்த ஒழுங்கு இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அரசியலுக்கு வந்தபோது இரண்டில் ஒன்றுதான் பிழைத்தது. அமெரிக்க அதிபர் நிக்சன் 1969-ல் குடும்பங்களுக்கு ஓர் அடிப்படை வருமானம் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தார். 1970-ல் அது கீழவையில் நிறைவேறியது, செனட்டில் செத்துப்போனது. அப்புறம் வந்தது வேறொரு மரபு. 1984-ல் அமெரிக்க அரசியல் அறிஞர் சார்லஸ் மர்ரே, அரசு உதவிதான் வறுமையை வளர்க்கிறது என்று வாதிட்டார். இன்னொரு அமெரிக்க அரசியல் அறிஞர் லாரன்ஸ் மீட், உதவி வேண்டுமென்றால் வேலை செய்வதைக் கட்டாயமாக்க வேண்டும் என்றார். ஆக, கல்விக் கொள்கைக்கு ஃப்ரீட்மனின் நம்பிக்கை போனது, நலக் கொள்கைக்கு மர்ரே, மீட் ஆகியோரின் சந்தேகம் போனது. இரண்டும் ஒரே கட்சி மேடையில், ஒரே சந்தை மொழியில் பேசப்பட்டதால் அவை ஒன்றுக்கொன்று எதிரானவை என்பது மறைந்துபோனது.

சரி, முதலில் பள்ளி.

பள்ளிச் சந்தையின் தர்க்கம் கேட்க நன்றாகவே இருக்கும். பணம் பிள்ளையோடு போகட்டும், பிள்ளை நல்ல பள்ளிக்குப் போகும், மோசமான பள்ளி திருந்தும் அல்லது மூடும். இதை முழு நாட்டளவில் செய்துபார்த்தது சிலி. 1981-ல் ராணுவ ஆட்சி, பள்ளிகளை நகராட்சிகளிடம் மாற்றியது. அன்றாட வருகைப்பதிவைக் கணக்கிட்டு மாணவருக்கு இவ்வளவு என்று அரசுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் ஒரே மாதிரி மானியம் தந்தது. அரசு மானியம் பெறும் தனியார் பள்ளிகளில் படித்தவர்கள் தொடக்கத்தில் சுமார் 15 சதவீதம், பிற்பாடு பாதிக்கும் மேல். 1993-ல் இன்னொரு கதவும் திறந்தது: மானியம் வாங்கும் பள்ளி, பெற்றோரிடமும் கட்டணம் வசூலிக்கலாம்.

போட்டி வந்தது. பள்ளிகள் எதில் போட்டி போட்டன என்பதுதான் கதை. பொருளாதார அறிஞர்கள் ஷே, உர்கியோலா இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், தனியார் பள்ளிகள் அதிகம் பெருகிய பகுதிகளில் சராசரித் தேர்ச்சி மற்ற பகுதிகளைவிட உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. நன்றாகப் படிக்கும், வசதியான பிள்ளைகள் அரசுப் பள்ளியை விட்டுப் போனதற்கு மட்டும் சான்று தெளிவாகக் கிடைத்தது. பள்ளிகள் நுழைவுத் தேர்வு வைத்தன, பெற்றோரை நேர்காணல் செய்தன.

இதில் ஒழுக்கக்கேடு எதையும் தேட வேண்டியதில்லை. சோப்பு விற்பவருக்கு வாங்குபவர் யாராக இருந்தாலும் ஒன்றுதான், வாங்குபவரால் சோப்பின் தரம் மாறாது. பள்ளியில் அப்படி இல்லை. உங்கள் பிள்ளையின் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதும் நீங்கள் வாங்கும் சரக்கின் ஒரு பகுதி. படிக்கத் தடுமாறும் பிள்ளைக்குச் செலவு அதிகம், அந்தப் பிள்ளை கொண்டுவரும் மானியமோ எல்லோருக்கும் உள்ள அதே தொகை. அதனால் நன்றாகக் கற்பிப்பதைவிட நன்றாகப் படிப்பவர்களைச் சேர்த்துக்கொள்வது எந்தப் பள்ளிக்கும் மலிவான வழி. பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் திட்டம் என்று சொல்லித் தொடங்கியது, பள்ளி பெற்றோரைத் தேர்ந்தெடுப்பதில் போய் நிற்கிறது.

மறுபடி நியூசிலாந்துக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கே இது இன்னும் கூர்மையாக நடந்தது. 1995 முதல் ஒவ்வொரு பள்ளிக்கும் 1 முதல் 10 வரை ஓர் எண் கொடுத்தார்கள். பிள்ளைகள் வரும் பகுதி எவ்வளவு ஏழ்மையானது என்பதைக் காட்டும் எண் அது. 1 என்றால் ஏழைப் பகுதி, அந்தப் பள்ளிக்கு அதிக நிதி. நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் பள்ளியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்ட நாட்டில் பெற்றோர் கையில் கிடைக்கும் எந்த எண்ணும் தர மதிப்பெண்ணாகிவிடும். அந்த எண் கற்பித்தலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இருந்தும் 10 நல்ல பள்ளி, 1 மோசமான பள்ளி என்று ஊர் படித்தது. வசதியுள்ளவர்கள் கீழ் எண் பள்ளிகளை விட்டு வெளியேறினார்கள். ஏழைப் பிள்ளைக்குக் கூடுதல் பணம் கொடுக்கப் போட்ட எண், அந்தப் பிள்ளையை ஒதுக்கிவைக்கும் முத்திரையாக மாறியது. 2023-ல்தான் அதை எடுத்துவிட்டு வேறு கணக்கீட்டுக்கு மாறினார்கள்.

இங்கிலாந்தில் 1988 சட்டம் தேசியப் பாடத்திட்டத்தையும் தேர்வுகளையும் கொண்டுவந்தது. 1992 முதல் பள்ளிகளின் தேர்வு முடிவுகள் வரிசையாக வெளியாயின. நீண்ட காலம் அந்தப் பட்டியலில் எல்லோரும் பார்த்த அளவுகோல்: 16 வயதுப் பொதுத்தேர்வில் ஐந்து பாடங்களில் சி அல்லது அதற்கு மேல் வாங்கியவர்கள் எத்தனை சதவீதம். இந்த ஒரு வரி வகுப்பறைக்குள் என்ன செய்தது என்று பாருங்கள். மாதிரித் தேர்வு முடிவு வருகிறது. ஆசிரியர் பட்டியலைப் பிரிக்கிறார். ஏ, பி வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், அவர்கள் எப்படியும் கோட்டைத் தாண்டுவார்கள். எஃப்-ல் இருப்பவர்களுக்கு என்ன செய்தாலும் சி வராது. டி-யில் நிற்பவர்களுக்கு மாலை வகுப்பு, தனிக் கவனம், அனுபவமுள்ள ஆசிரியர். எஃப்-ல் இருக்கும் ஒரு பிள்ளை ஓராண்டு முழுக்கப் போராடி ஈ-க்கு வந்தால் பள்ளியின் சதவீதத்தில் அந்த உழைப்பின் மதிப்பு பூஜ்ஜியம். டி-யிலிருந்து சி-க்கு ஒரு படி ஏறிய பிள்ளையின் மதிப்பு முழுசு. போர்க்களத்தில் காயம்பட்டவர்களைப் பிரிப்பதுபோல மாணவர்களைப் பிரித்த இந்த வழக்கத்தைக் கல்வி ஆய்வாளர்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். இதைச் செய்த ஆசிரியர்கள் கெட்டவர்கள் இல்லை. பட்டியலில் பள்ளி கீழே இறங்கினால் மாணவர் குறைவார்கள், மாணவர் குறைந்தால் பணம் குறையும், பணம் குறைந்தால் சக ஆசிரியர் வேலை இழப்பார்.

2016-ல் அந்த அளவுகோலை மாற்றி, ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றமும் கணக்கில் வரும்படி செய்தார்கள். நல்ல திருத்தம். உடனே சில பள்ளிகளில் வேறொன்று வெளிப்பட்டது: சராசரியை இழுக்கும் பிள்ளையைத் தேர்வுக்கு முன்பே வீட்டுக்கல்விக்கு மாறிக்கொள்ளச் சொல்லிப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவது. பள்ளி ஆய்வு அமைப்பே இதற்கு எதிராக எச்சரிக்க வேண்டியிருந்தது. அளவுகோலில் பணம் கட்டித் தொங்கவிட்டால், எந்த அளவுகோலும் கொஞ்ச நாளில் வளைந்துவிடும்.

சுவீடன் 1992-ல் வவுச்சருக்கு மாறியபோது லாபம் எடுப்பதற்கும் அனுமதி தந்தது. 2013-ல் ஜேபி எஜுகேஷன் என்ற பெரிய பள்ளி நிறுவனம் கடையைக் கட்டியபோது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் நடுவழியில் நின்றார்கள். அதை வைத்திருந்தது ஒரு தனியார் முதலீட்டு நிதியம். மோசமான நிறுவனம் மூடப்படுவது சந்தையின் இயல்பு, அதுவே அதன் பலம் என்பார்கள். பதினாறு வயதில் ஒருமுறைதான் ஒரு பிள்ளை அந்த வகுப்பைப் படிக்கிறது. சந்தை பாடம் கற்றுக்கொள்ள எடுக்கும் காலத்தைப் பிள்ளை திரும்பப் பெற முடியாது.

இவ்வளவு சொன்னபின் எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும், சடங்குக்காக இல்லை. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1990-ல் வவுச்சர் திட்டம் வரக் காரணமானவர்களில் முக்கியமானவர் பாலி வில்லியம்ஸ். கறுப்பினத்தவர், ஜனநாயகக் கட்சி சட்டமன்ற உறுப்பினர். அவருடைய தொகுதிப் பிள்ளைகளை அரசுப் பள்ளிகள் தலைமுறை தலைமுறையாகக் கைவிட்டிருந்தன. காத்திருங்கள், அரசு திருத்திவிடும் என்று அந்தப் பெற்றோரிடம் சொல்ல யாருக்கும் தகுதி இருக்கவில்லை. பாஸ்டனில் குலுக்கல் முறையில் சேர்க்கும் சார்ட்டர் பள்ளிகளை, அதாவது அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் பள்ளிகளைப் பற்றிய ஆய்வுகளில், குலுக்கலில் இடம் கிடைத்த ஏழைப் பிள்ளைகள் இடம் கிடைக்காதவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருக்கிறார்கள். ஆனால் அங்கே விதிகளைக் கவனியுங்கள்: பள்ளி மாணவரைத் தேர்ந்தெடுக்க முடியாது, கட்டணம் கிடையாது, பள்ளிகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு, தேறாத பள்ளியை அரசு மூடும். பள்ளி நடத்துபவருக்குச் சுதந்திரம், சேர்க்கையில் கடும் கட்டுப்பாடு. சிலியும் 2008-ல் ஏழைப் பிள்ளைக்குக் கூடுதல் மானியம் தரத் தொடங்கிய பிறகுதான் ஏழைப் பிள்ளைகளின் தேர்ச்சியில் நல்ல முன்னேற்றம் தென்பட்டது.

பல்கலைக்கழகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கிலாந்தில் கட்டணம் 1998-ல் ஆண்டுக்கு 1,000 பவுண்டு, 2006-ல் 3,000, 2012-ல் 9,000 வரை. 9,000 என்பது உச்சம்தான், பல்கலைக்கழகங்கள் விலையில் போட்டி போட்டுக் குறைத்து வாங்கும் என்று அரசு எதிர்பார்த்தது. கிட்டத்தட்ட எல்லோரும் உச்சத்தையே வைத்தார்கள். குறைத்து வைத்தால் தரம் குறைவு என்று மாணவர் நினைப்பார் என்பது துணைவேந்தர்களுக்குத் தெரிந்திருந்தது.

சிறு பிள்ளைகளின் கட்டணம் பற்றி ஒரு உதாரணம் போதும். 1980-களில் கடன் நெருக்கடியில் சிக்கிய ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில், உலக வங்கியின் கட்டமைப்புச் சீர்திருத்த ஆலோசனையோடு, ஆரம்பப் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் பயனாளர் கட்டணம் வந்தது. சிறிய தொகை கட்டினால் பெற்றோருக்குப் பொறுப்பு வரும் என்றார்கள். உகாண்டா 1997-ல் ஆரம்பப் பள்ளிக் கட்டணத்தை எடுத்தது. மாணவர் எண்ணிக்கை சுமார் 30 லட்சத்திலிருந்து ஓராண்டில் 50 லட்சத்தைத் தாண்டியது. அந்தப் பெற்றோருக்கு எந்தக் காலத்திலும் அக்கறை குறைவாக இருக்கவில்லை, கட்டணம் கட்டக் காசுதான் இருக்கவில்லை. வகுப்பறைகள் பிதுங்கின, தரம் அடிபட்டது என்பதும் உண்மைதான். அந்தச் சிரமம் பிள்ளைகள் உள்ளே வந்ததால் வந்தது. வெளியே நின்றிருந்தால் கணக்கில் ஒரு சிரமமும் தெரிந்திருக்காது.

இனி உதவித்தொகை. இங்கே எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகமாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1996-ல் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம், அமெரிக்காவில் 1935 முதல் இருந்த ஓர் உரிமையை முடித்துவைத்தது. அதுவரை தகுதியுள்ள ஏழைக் குடும்பம் விண்ணப்பித்தால் மத்திய அரசின் பங்கோடு பணம் வந்தாக வேண்டும். புதிய சட்டத்தில் மாநிலங்களுக்கு மொத்தமாக ஆண்டுக்கு சுமார் 1,650 கோடி டாலர், அவ்வளவுதான். வறுமை கூடினாலும் அதே தொகை, விலைவாசி ஏறினாலும் அதே தொகை. பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஐந்து ஆண்டு உச்சவரம்பு, வேலைக் கட்டாயம். பட்டியலில் இருந்தவர்கள் எண்ணிக்கை வேகமாகச் சரிந்தது, அதை வெற்றி என்றார்கள். 1990-களின் இறுதியில் வேலைகள் நிறைய இருந்தன, தனித்தாய்மார் பலர் வேலைக்குப் போனார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் 1996-ல் 100 ஏழைக் குடும்பங்களில் 68 குடும்பங்களுக்கு இந்த உதவி கிடைத்தது. 2020-ல் 21 குடும்பங்களுக்கு. பட்டியலிலிருந்து வெளியேறுவதையே இலக்காக வைத்தால், வெளியேறியவர் வேலைக்குப் போனாரா, தெருவுக்குப் போனாரா என்று அந்த இலக்குக்குத் தெரியாது.

வேலை தேடித் தரும் சேவையும் சந்தைக்குப் போனது. ஆஸ்திரேலியா 1998-ல் அரசு வேலைவாய்ப்பு அலுவலகங்களின் வேலையை ஒப்பந்ததாரர்களிடம் கொடுத்தது. பிரிட்டன் 2011-ல் பெரிய அளவில் அதைச் செய்தது. ஆளை வேலையில் சேர்த்தால் பணம், நிலைத்தால் கூடுதல் பணம். மேலே சொன்ன பள்ளிக் கதை வரி மாறாமல் இங்கேயும் நடந்தது. தானாகவே வேலை கிடைக்கக்கூடியவர்மேல் கவனம், முதுகுவலியோ மனநோயோ உள்ளவர் ஓரத்தில். அதை எதிர்பார்த்துக் கடினமானவர்களுக்கு அதிகக் கட்டணம் என்று பிரிட்டன் வைத்துப் பார்த்தது, அப்படியும் ஓரங்கட்டுவது நிற்கவில்லை. எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும், பலன் நிச்சயமில்லாத ஆள்மேல் காசு போடுவதைவிட நிச்சயமான ஆள்மேல் போடுவது ஒப்பந்ததாரருக்கு லாபம்.

சந்தேகம் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் ரோபோடெட் என்ற தானியங்கிக் கடன் வசூல் திட்டம் போதும். உதவித்தொகை வாங்குபவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தங்கள் வருமானத்தைச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு வாரத்தில் என்ன சம்பாதித்தார்களோ, அதை வைத்துத்தான் தொகை. 2016 முதல் ஒரு தானியங்கி முறை, வரித்துறையிடமிருந்து அவர்களின் ஆண்டு வருமானத்தை எடுத்து 26-ஆல் வகுத்தது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஆண்டின் முதல் பாதியில் வேலை பார்த்தார், இரண்டு வாரத்துக்கு 2,000 டாலர். 13 தடவைக்கு 26,000. பிறகு வேலை போனது. இரண்டாம் பாதியில் வருமானம் பூஜ்ஜியம் என்று உண்மையைச் சொல்லி உதவித்தொகை வாங்கினார். இயந்திரம் 26,000-ஐ 26-ஆல் வகுத்தது, 1,000 வந்தது. அதாவது அவர் பட்டினி கிடந்த ஒவ்வொரு இரண்டு வாரத்திலும் 1,000 டாலர் சம்பாதித்தாராம், மறைத்துவிட்டாராம். கடன் நோட்டீஸ் வீட்டுக்கு வரும். தப்பு என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும், அதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய சம்பளச் சீட்டைத் தேட வேண்டும். சீட்டு இல்லையா, கடன் உறுதி. வசூலிக்கத் தனியார் முகவர்களும் வந்தார்கள்.

எல்லோருக்கும் ஒரே சீராகச் சம்பளம் வரும் என்று எடுத்துக்கொண்ட சூத்திரத்தை, சீரான சம்பளம் இல்லாததால் உதவிக்கு வந்த மனிதர்கள்மேல் போட்டார்கள். நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாட்டினார்கள். 2019-ல் நீதிமன்றத்தில் இந்த முறை நிற்காது என்று அரசே ஒப்புக்கொண்டது, பிறகு பணத்தைத் திருப்பித் தந்தது. 2023 ஜூலையில் விசாரணை ஆணையம் இதைக் கொடூரமான, சட்டவிரோதமான திட்டம் என்று பதிவு செய்தது. ஆணையத்தின் முன் வந்து பேசியவர்களில் பிள்ளையைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த தாய்மார்கள் இருந்தார்கள். இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். இத்தனை கோடி மிச்சமாகும் என்று பட்ஜெட்டில் முதலிலேயே எழுதிவிட்டு அதை வசூலிக்கப் போனார்கள். வகுத்தல் கணக்கு தப்பு என்று ஒரு பள்ளிப் பிள்ளைக்கே தெரியும். உதவி வாங்குபவர் ஏமாற்றுவார் என்று ஏற்கெனவே நம்பியிருந்ததால்தான் அந்தத் தப்பு மேலே இருந்தவர்கள் கண்ணை உறுத்தவில்லை.

கடைசித் துண்டு: திரும்ப முடியுமா? இடத்தைப் பொறுத்தது.

ஓய்வூதியம் திரும்பியிருக்கிறது. சிலி 1981-ல் பொது ஓய்வூதியத்தைத் தனிநபர் கணக்குகளாக மாற்றியது, ராணுவத்துக்கும் போலீஸுக்கும் மட்டும் பழைய முறையை வைத்துக்கொண்டது. அதையும் சேர்த்து 2014 வரை 30 நாடுகள் முழுசாகவோ பாதியாகவோ தனியாருக்கு மாறின. 2018-க்குள் அவற்றில் 18 நாடுகள் திரும்பிவிட்டன என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கணக்கெடுத்திருக்கிறது. முக்கியமான ஒரு காரணம் எளிது: தொழிலாளியின் சந்தா தனிக்கணக்குக்குப் போய்விட்டால், ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கு அரசு தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். அந்த இரட்டைச் செலவை வரவு செலவுக் கணக்கு தாங்கவில்லை. கணக்கில் இருக்கும் பணத்தை ஒரு சட்டத்தால் திரும்ப மாற்றலாம்.

பள்ளி அப்படி இல்லை. சிலியில் 2006-ல் சீருடை அணிந்த பள்ளிப் பிள்ளைகளும் 2011-ல் கல்லூரி மாணவர்களும் தெருவுக்கு வந்தார்கள். 2015-ல் சட்டம் வந்தது: அரசுப் பணம் வாங்கும் பள்ளியில் லாபம் கூடாது, கட்டணம் படிப்படியாக ஒழியும், மாணவரைப் பொறுக்கி எடுக்கக் கூடாது. சேர்க்கை இப்போது பொதுவான கணினி முறையில் நடக்கிறது. ஆனால் 2014-ல் அந்த மசோதாவை எதிர்த்து ஊர்வலம் போனவர்களில் பெரும் செல்வந்தர்களைவிட மானியப் பள்ளிகளின் சாதாரணப் பெற்றோர்தான் அதிகம். வருமானத்தில் ஒரு பங்கைப் பல ஆண்டுகள் கட்டணமாகக் கொடுத்து, தங்களைவிட ஏழையான பிள்ளைகளிடமிருந்து தங்கள் பிள்ளையை ஒரு படி தள்ளி உட்கார வைத்திருந்தார்கள். அந்த ஒரு படி போய்விடும் என்ற பயம். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அப்படித்தான் பிள்ளைமேல் அன்பு காட்ட வேண்டும் என்று முப்பது ஆண்டுகள் அந்த ஏற்பாடு அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. பள்ளிச் சந்தை தன்னைக் காப்பாற்றும் ஆட்களைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. அதனால் அதைத் திருத்த நினைக்கும் அரசு, அந்தப் பெற்றோருக்கு அருகிலேயே நம்பும்படி ஒரு பள்ளியைக் கட்டிக் காட்டாமல் சட்டத்தை மட்டும் மாற்றினால் தோற்கும்.

நல உதவியில் திரும்பிப் போக ஒரு கதவு கொஞ்ச காலம் திறந்துதான் இருந்தது. 2021-ல் அமெரிக்கா குழந்தைகளுக்கான வரிச்சலுகையைப் பெரிதாக்கி, வருமானமே இல்லாத குடும்பத்துக்கும் முழுத் தொகை கிடைக்கும்படி செய்தது. ஜூலை முதல் டிசம்பர் வரை மாதாமாதம் கணக்கில் பணம் வந்தது. வேலைக்குப் போகிறாயா என்ற கேள்வி இல்லை. அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் அளவுகோலின்படி அந்த ஆண்டு குழந்தை வறுமை 5.2 சதவீதத்துக்கு இறங்கியது, அந்த அளவுகோலில் அதுவரை காணாத குறைவு. நீட்டிப்பு செனட்டில் சிக்கியது. பெற்றோர் வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இல்லையே என்பது அங்கே எழுந்த முக்கியமான ஆட்சேபங்களில் ஒன்று. பணம் நின்றது, 2022-ல் அந்த எண் 12.4-க்கு ஏறியது. நிக்சனின் திட்டம் சிக்கியதும் இதே செனட்டில்தான், ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ ஆய்வுகள் வந்துவிட்டன. அந்தத் தாயின் கையில் பணத்தைக் கொடுத்தால் அவர் அதைப் பிள்ளைக்குத்தான் செலவழிப்பார் என்று அந்த அவையை நம்பவைக்க அவை போதவில்லை.